கோணல் தையலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

எங்கள் வீட்டில் பெரிய மேசை ஒன்றுதான். அதன் இடது பாதி என்னுடையது, அங்கே கம்ப்யூட்டர். வலது பாதி, நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாருடையது, அங்கே மின்சாரத் தையல் மெஷின். நான் ஒரு பயிற்சி நிலையத்துக்கு வினாத்தாள் தட்டச்சு செய்து தருகிறேன். அண்ணி ஒரு கடைக்குப் பள்ளிச் சீருடை தைத்துத் தருகிறார். ஜன்னல் நடுவில் இருப்பதால் வெளிச்சத்துக்காக இருவரும் நகர்ந்து நகர்ந்து, என் மவுஸும் அவருடைய கத்தரிக்கோலும் ஒட்டி உறவாடும் அளவுக்கு வந்துவிட்டோம். முழங்கை இடித்தால் சண்டை, இடிக்காவிட்டால் அரட்டை. எப்படியும் வாய்க்கு ஓய்வில்லை.

அன்று காலை பதிப்பகத்திலிருந்து போன் வந்தபோது, நல்லவேளை, அண்ணி குளித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு அத்தியாயம் அனுப்பியிருந்தீங்களே, படிச்சேன்" என்றார் பதிப்பாசிரியர் அம்மா. "யாரோ சாகப்போறாங்கன்னு தெரியுது. யாருன்னுதான் தெரியல. எனக்கு வேலையே ஓட மாட்டேங்குது. முழுசா அனுப்புங்க."

"எப்ப வேணும்ங்க?"

"இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள. இந்த வருஷம் எதெல்லாம் போடறதுன்னு எல்லாரும் உக்காந்து முடிவு பண்ணப்போறோம். விட்டா அடுத்த வருஷம்தான். அப்ப இந்த நாற்காலியில நான் இருப்பனோ மாட்டனோ."

இதற்கு முன் நான் அனுப்பிப் பார்த்த பதிப்பகங்கள் ஒன்றுகூட 'வேண்டாம்' என்று சொல்லும் சிரமத்தை எடுத்துக்கொண்டதில்லை. இவர் கேட்கிறார். அதுவும் முழுசாகக் கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையலறைக்கும் மேசைக்கும் நடுவில் நின்று சத்தம் போடாமல் ஒரு குதி குதித்தேன். சத்தம் போட முடியாது, ஏனென்றால் நான் துப்பறியும் நாவல் எழுதுவது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கீபோர்டு சத்தமெல்லாம் வினாத்தாள் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. நாவலில் ஒரு வீடு வருகிறது. அந்த வீட்டில் தையல்காரி ஒருத்தி இருக்கிறாள். மூன்றாம் அத்தியாயத்தில் தையல் மெஷின் மேலேயே கவிழ்ந்து செத்துக் கிடக்கிறாள். இதை நான் அதே மேசையில், அண்ணியின் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் "கொஞ்சம் தள்ளும்மா" என்று சொல்லச் சொல்ல எழுதினேன். எழுத எழுத எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

கம்ப்யூட்டரைப் போட்டேன். கொஞ்ச நாளாகவே அது சரியில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நிற்கும். உள்ளே யாரோ சப்புக்கொட்டுவது போல 'டிக், டிக்' என்று கேட்கும். ஹார்ட் டிஸ்க்கில் பிழை என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி ஓடும். ஓடுகிறதே, போதும் என்று விட்டிருந்தேன்.

நாவல் இருந்த ஃபோல்டருக்கு நான் வைத்த பெயர் 'பழைய வினாத்தாள்'. உலகத்தில் எவரும் ஆசைப்பட்டுத் திறக்காத பெயர். அன்று அது இருந்த இடத்தில் இல்லை. அதற்குப் பதிலாக முன்பின் பார்த்திராத ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே பெயர் ஏதும் இல்லாமல், வெறும் எண் போட்ட ஃபைல்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருந்தன. ஒன்றைத் திறக்கப் பார்த்தேன். டிக் என்று சப்புக்கொட்டிவிட்டுத் திரை உறைந்தது.

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். அன்று அவருக்கு வார விடுமுறை. விடுமுறை என்றால் கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருக்கும், வீட்டில் ஏதாவது ஒன்று பிரிந்து கிடக்கும்.

"கம்ப்யூட்டரைத் தொட்டது யாரு?"

"நான்தான். சரி பண்ணி வெச்சிருக்கேன்" என்றார் பெருமையாக. "நேத்து போட்டப்ப டிஸ்க்குல பிழை இருக்கு, சரி பண்ணவான்னு கேட்டுச்சு. பண்ணுன்னேன்."

"அது எதைக் கேட்டாலும் சரின்னு சொல்லிடுவீங்களா?"

"நீ கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டப்பவும் சரின்னுதானே சொன்னேன்."

பிழை காட்டுகிற டிஸ்க்கைச் சரிசெய்யச் சொல்வதற்கு முன்னால் உள்ளே இருப்பதை நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஃபைல் எந்த ஃபோல்டரைச் சேர்ந்தது என்று குழம்பிவிட்டால், அது பெயரையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு எண் போட்டு ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். என் நாவல், இவருடைய பாட்டுகள், குடும்பப் போட்டோக்கள் எல்லாம் அந்த மூட்டைக்குள். மூட்டையையும் பிரிக்க முடியவில்லை.

என்னிடம் நகல் இல்லாமல் இல்லை. மேசை இழுப்பறையில் ஒரு பென்டிரைவில் இருந்தது. இழுப்பறை காலி.

"அதுவா? பாட்டு ஏத்திக் கடையில மாட்டியிருக்கேன்."

"உள்ளே இருந்தது?"

"எல்லாத்தையும் அழிக்கவான்னு கேட்டுச்சு" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "முக்கியமானதா?"

"வினாத்தாள்."

"பழசுதானே?"

"முக்கியமான பழசு" என்றேன்.

முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடி கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் காணோம். சமையலறையில் ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. ஓடினேன். இவர் டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு, ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்தை ஒதுக்கி அதற்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தார்.

"குளிர்ல வெச்சா கொஞ்ச நேரம் உயிர் வரும்னு ஒருத்தர் வீடியோல சொன்னாரு."

"உங்களை உள்ளே வெச்சா எவ்வளவு நேரம் உயிர் இருக்கும்?" என்று கேட்டு, கையிலிருந்து பிடுங்கினேன். இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. போன உயிர் திரும்பியது, டிஸ்க்குக்கு அல்ல, எனக்கு.

இந்தக் களேபரத்தில் மாமனாரும் வந்து சேர்ந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எது கெட்டாலும் அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான். மிக்ஸி ஓடாவிட்டாலும் அதே, அவருடைய முழங்கால் வலித்தாலும் அதே.

"லைன்ல பாரும்மா."

"இது டெலிபோன் இல்ல மாமா."

"எதுவா இருந்தா என்ன? லைன்ல பாரு."

அவரைப் பொருட்படுத்தாமல் டிஸ்க்கை மாட்டச் சொன்னேன். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஒரு நிரலை இவர் என்றோ இறக்கி வைத்திருந்தார். திறந்தோம். வரிசையாக எண்கள் வந்தன. கெட்டுப்போன பகுதிகள் என்ற இடத்தில் சுத்தமாகப் பூஜ்யம். கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பூஜ்யமேதான். டிஸ்க் திடமாக இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே, வரும் வழியிலேயே சிதைந்துபோன தகவல்கள் என்ற இடத்தில் மட்டும் ஒரு பெரிய எண் உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணி ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து, தன் பாதி மேசையில் உட்கார்ந்து மெஷினை ஓட்டினார். கடகடகடவென்று மேசை அதிர்ந்தது. எண் ஏறியது.

மெஷின் நின்றது. எண்ணும் நின்றது.

மெஷின் ஓடியது. எண் ஏறியது.

"அண்ணி, நிறுத்துங்க" என்றேன். "இப்ப ஓட்டுங்க. நிறுத்துங்க. ஓட்டுங்க."

"என்ன, எனக்கு அணிவகுப்பு சொல்லித் தர்றியா?"

"நீங்க தைக்கும்போதெல்லாம் இது கெடுது அண்ணி."

"ஓ, பழி என் மேலயா? தைக்கிறது நானு, கெடுறது உன் டப்பா. சரி, இந்தா" என்று ஆத்திரத்தோடு ஒரு சீருடைக் கையையே முழுவேகத்தில் தைத்து முடித்தார். மாமனார் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விளையாட்டுப் போட்டிக்கு வர்ணனை சொல்வது போல எண்ணை உரக்கப் படித்தார். இவர் கையை உயர்த்தி உயர்த்தித் தாழ்த்தினார், அண்ணி நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாவல் காணாமல்போன வயிற்றெரிச்சலிலும் சிரித்தேன்.

இவர் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டார். டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கும் கேபிள், கவ்விப் பிடிக்கும் கொக்கி உடைந்து, தொட்டால் ஆடியது. மேசை அதிர அதிர அது இத்தனை நாளாக நழுவிக்கொண்டே வந்திருக்கிறது. அதே பெட்டிக்குள் என்றைக்கோ செத்துப்போன டிவிடி டிரைவ் ஒன்று சும்மா கிடந்தது. அதன் கேபிளைக் கழற்றி இதற்கு மாட்டினார். அண்ணி ஓட்டினார். மேசை அதிர்ந்தது. எண் அசையவில்லை.

"லைன்" என்றார் மாமனார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதை வீட்டின் ஒவ்வோர் அறையிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மூட்டை இப்போது தடையில்லாமல் திறந்தது. உள்ளே நூற்றுக்கணக்கில் ஃபைல்கள். எது பாட்டு, எது போட்டோ, எது அத்தியாயம் என்று ஒவ்வொன்றாகத் திறந்தால்தான் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. ஒருத்தியாக உட்கார்ந்தால் விடிந்துவிடும். வேறு வழி தெரியவில்லை. மூவரையும் நிற்கவைத்துச் சொன்னேன்.

"அதுல இருக்கறது வினாத்தாள் இல்ல. கதை. நான் எழுதினது. சாயங்காலத்துக்குள்ள அனுப்பினா புத்தகமா வரும். உங்க போன்ல ஆளுக்கொரு பங்கு போட்டுத் தரேன். கதை மாதிரி எது வந்தாலும் எனக்கு அனுப்பிடுங்க. ஆனா படிக்காதீங்க."

"படிக்காம அது கதைன்னு எப்படித் தெரியும்?" என்றார் அண்ணி.

நான் அவர் போனை வாங்கிக்கொண்டேன்.

எல்லா ஃபைலையும் எழுத்து ஃபைலாக மாற்றிப் பங்கு போட்டேன். வீடு பரீட்சைக் கூடம் மாதிரி ஆகிவிட்டது. முதலில் குப்பைதான் வந்தது. "கட்டம், கேள்விக்குறி, மறுபடி கட்டம். இது என் பாட்டா இருக்கும்" என்று வருத்தப்பட்டார் இவர். பிறகு ஓர் அத்தியாயம் வந்தது. பிறகு இரண்டு. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிசைப்படுத்தினேன்.

"இங்க ஒருத்தன் வர்றான்" என்றார் இவர். "எதைப் பிரிச்சு மாட்டினாலும் கடைசியில ஒரு திருகு மிச்சம் வைக்கிறான். யாரு இவன்?"

"கற்பனைதான்."

"நல்லவனா?"

"ரொம்ப நல்லவன். அனுப்புங்க."

அண்ணியிடமிருந்து மட்டும் சத்தமே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். போனை மூக்குக்கு நேரே பிடித்திருந்தார். விரல் மெதுவாக மேலே தள்ளியது, நின்றது, திரும்ப மேலே தள்ளியது. எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் அத்தியாயம் போய்ச் சேரவேண்டிய கைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. புத்தகம் வராவிட்டால் அழுதுவிட்டு இன்னொன்று எழுதலாம். அண்ணி என்னோடு பேசாமல் போய்விட்டால் அந்த மேசையில் நான் எப்படி உட்காருவேன்?

அவர் எழுந்து வந்தார்.

"செத்துப்போனது நான்தானே?"

"இல்ல அண்ணி, அவ வேற."

"கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டே கண்ணாடியைத் தேடறா. வாயில குண்டூசியைக் கடிச்சுக்கிட்டே சண்டை போடறா. வேற யாரு?"

"நீங்கதான்" என்றேன்.

"கொன்னதுல எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கொன்னிருக்க. படிக்கறப்ப எனக்கே என்னை நினைச்சுப் பாவமா இருந்துச்சு. ஆனா இது என்ன?" என்று போனை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு படித்தார். "'மெஷினில் இருந்த சட்டையில் தையல் பாதியில் கோணி ஓடியிருந்தது.' கோணியா? என் தையலா?"

"அண்ணி, அது வந்து..."

"என்னைக் கத்தியால குத்து, விஷம் வை, மாடியிலேருந்து தள்ளு. தையலைக் கோணாதே. நேரா ஓடியிருந்துச்சுன்னு மாத்து. மாத்தினாத்தான் இதை அனுப்புவேன்."

மாற்ற முடியாது. அந்தக் கோணலில்தான் கதையே நிற்கிறது. கடைசி அத்தியாயம் படித்தால் புரியும் என்றேன். "எங்கே, காட்டு" என்றார். காட்டுவதற்குக் கடைசி அத்தியாயம் இல்லை. எல்லாம் வந்துவிட்டது, அது மட்டும் வரவில்லை. என் பங்கை முழுதும் பார்த்துவிட்டேன். இவர் தன் பங்கை இரண்டு தடவை பார்த்துவிட்டார். கொலைகாரன் யார் என்று சொல்லாத துப்பறியும் நாவலை யார் போடுவார்கள்? வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் மாமனாரைக் காணோம் என்று உறைத்தது. அவர் பால்கனியில், எழுத்தைப் பெரிதாக்கி வைத்து, உதடு அசைய எதையோ படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனைக் கவிழ்த்தார்.

"மாமா, உங்க பங்குல ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணுமில்லையேம்மா."

"மாமா."

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான்தான் கொன்னிருக்கேன். பெத்த பொண்ணுகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னுதான் வெச்சிருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "காரணம் நியாயமாத்தான் இருக்கு. மனுஷன் போன்ல பேசறப்பெல்லாம் பக்கத்துல கடகடன்னு மெஷினை ஓட்டினா யாருக்குத்தான் கோவம் வராது?"

போனை வாங்கிக்கொண்டு வந்து அண்ணிக்கு முன்னால் நின்றேன். துப்பறிவாளர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசும் இடம். நான் படித்தேன்.

"'இந்த வீட்டில் எது வேண்டுமானாலும் கோணலாக இருக்கலாம். சுவர் கோணல், கதவு கோணல், மனிதர்களின் பேச்சும் கோணல். அவள் போட்ட தையல் மட்டும் கோணாது. காய்ச்சலில் தைத்ததையும் பார்த்தேன், அழுதுகொண்டே தைத்ததையும் பார்த்தேன், எல்லாம் நேர்கோடு. ஆகவே இந்தச் சட்டையைத் தைத்தது அவள் இல்லை. அவள் செத்த பிறகு, அவள் உயிரோடு இருப்பதாக எல்லோரும் நினைக்கட்டும் என்று வேறொருவர் மெஷினை ஓட்டியிருக்கிறார்.'"

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அழுதுக்கிட்டே தைச்சதை நீ எப்பப் பார்த்த?"

"பக்கத்துலதானே அண்ணி உக்காந்திருக்கேன்."

அவர் போனை எடுத்து மூன்றாம் அத்தியாயத்தை அனுப்பினார்.

எல்லாவற்றையும் ஒன்றாக்கி மின்னஞ்சலில் ஏற்றினேன். அனுப்பும் பொத்தானை அழுத்த இவரை உட்காரவைத்தேன். தலைப்பு எழுதாமல் விட்டுவிட்டேன் போல. திரையில் ஒரு கேள்வி வந்தது. இவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தலைப்பு இல்லாமலே அனுப்பவான்னு கேக்குது. இப்ப நான் என்ன சொல்லட்டும்?"

"சரின்னு சொல்லுங்க" என்று மூன்று பேரும் சேர்ந்து சொன்னோம்.

பொழுது சாயும் நேரத்தில் போன் வந்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"மன்னிச்சுக்குங்க, கடைசி அத்தியாயத்தை முதல்ல படிச்சுட்டேன்" என்றார் பதிப்பாசிரியர் அம்மா. "எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இங்க ஒருத்தர் ஒத்துக்க மாட்டேங்கறாரு. சாகற நேரத்துல யாருக்கா இருந்தாலும் கை கோணத்தான் செய்யும், இந்த முடிச்சு நிக்காதுங்கறாரு. எல்லாரும் தலையாட்டறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் ஒரு தையலில் போகப் போகிறதே என்று நினைத்தேன். அதற்குள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டார் அண்ணி.

"யாருங்க அவரு? அவரைக் கூப்பிடுங்க" என்றார். "நான் அந்தச் செத்துப்போனவ பேசறேன். என் கை கோணாது. எழுந்து நிக்க முடியாத காய்ச்சல்ல தைச்ச சட்டை இங்க இருக்கு, அனுப்பட்டுமா? இல்ல, இப்பவே கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சுக் காட்டட்டுமா? காதால கேளுங்க."

போனை மேசையில் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மெஷினை ஓட்டினார். கடகடவென்று மேசை முழுக்க அதிர்ந்தது. பழக்கதோஷத்தில் நாங்கள் மூவரும் திரையைத் திரும்பிப் பார்த்தோம். எண் அசையவில்லை. அண்ணி நூலைக் கத்தரித்துவிட்டுத் துணியைத் தூக்கிப் பிடித்தார். போனில் யாருக்கும் அது தெரியாது என்பதை அவர் யோசிக்கவே இல்லை. நான் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் அவ்வளவு நேராக வராது.

போனுக்குள் பல பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அதில் ஓர் ஆண் குரல், "சரிங்கம்மா, கோணாது, ஒத்துக்கறேன்" என்றது.

"போடறோம்" என்றார் பதிப்பாசிரியர் அம்மா.

நான் அண்ணியைக் கட்டிக்கொண்டேன். முழங்கை இடித்தது, சண்டை வரவில்லை. அவர் என் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வாயில் ஒரு குண்டூசியை வைத்துக்கொண்டு, அடுத்த சட்டைத் துணியை எடுத்தார்.

"கொஞ்சம் தள்ளும்மா" என்றார்.